வேலை தந்த கூரை, விலை கேட்கும் கூரை: கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் வீடு தேடிய நூறாண்டு

பெட்டாலிங் ஜெயா எஃபிங்ஹாம் தோட்டத்தின்மேல் எழுந்த ஊர். சுபாங் ஜெயா நிற்பது சீஃபீல்டு தோட்டத்தில். செத்தியா ஆலாம் முன்பு நார்த் ஹம்மோக் தோட்டம். பண்டார் கின்ராரா, கின்ராரா தோட்டம். மலேசியாவின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா, பிராங் பெசார் தோட்டம். கிள்ளான் பள்ளத்தாக்கின் புறநகர் வரைபடத்தைத் தோட்டப் பெயர்களைக் கொண்டே ஏறத்தாழ முழுமையாக வரைந்துவிடலாம். அந்தத் தோட்டங்களில் ரப்பர் நட்டவர்களிலும் பால் வெட்டியவர்களிலும் பெரும்பகுதியினர் தமிழர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு அதே மண்ணில் ஒரு சிறிய தரை வீடு வாங்குவது இன்றும் எட்டாத காரியமாக இருக்கிறது. இது ஏன் என்ற கேள்விக்கு நூறாண்டுக்கு மேலாகப் பலர் பலவிதமாகப் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "மலேசியத் தமிழர்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. பங்சாரிலும் கோத்தா கெமுனிங்கிலும் பெரிய வீடுகளில் வசிக்கும் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்திலேயே எழுத்தர் வேலைக்கு வந்து நிலம் வாங்கிக்கொண்ட யாழ்ப்பாணக் குடும்பங்களும் இருக்கின்றன. இங்கே பேசப்படுவது பெரும்பாலும் தோட்டத்து லயங்களிலிருந்தும் அரசாங்கக் குவார்ட்டர்ஸ்களிலிருந்தும் நகரத்துக்குப் பெயர்ந்த குடும்பங்களைப் பற்றி.

வேலையோடு ஒட்டிய வீடு

முதல் பதில் காலனி அரசினுடையது: வீடு கொடுப்பது முதலாளியின் கடமை. 1912, 1923 ஆண்டுகளின் தொழிலாளர் சட்டங்கள் தோட்ட நிர்வாகங்கள் தொழிலாளர்களுக்குக் குடியிருப்பு, தண்ணீர், மருத்துவ வசதி ஆகியவற்றை அளிக்க வேண்டும் என்று வகுத்தன. லயம் இந்த ஏற்பாட்டின் வடிவம். வரிசையாக அறைகள், பொதுக் குழாய், ஆயாக் கொட்டகை, கோயில், சில இடங்களில் ஒரு தமிழ்ப்பள்ளி. கூலி குறைவு; ஆனால் வாடகை கிடையாது. கூலி குறைவாக இருந்ததற்கு வாடகையில்லாத வீடே காரணமாகவும் காட்டப்பட்டது.

பிரிக்பீல்ட்ஸிலும் நிலைமை இதற்கு நெருங்கியதே. 1880களில் செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற அந்தப் பகுதி, பின்னர் ரயில்வே பட்டறைகளும் ஊழியர் குடியிருப்புகளும் நிறைந்த பேட்டை ஆனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த "நூறு குவார்ட்டர்ஸ்" அதன் அடையாளமாக இருந்தது. ரயில்வே எழுத்தரும் தோட்டத்துப் பால்வெட்டாளியும் அந்தஸ்தில் எவ்வளவோ தூரம். ஆனால் ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே படகில் இருந்தார்கள்: ஓய்வுபெறும் நாளில் இருவருக்கும் வீடு இல்லை.

இந்த ஏற்பாட்டை ஆதரித்தவர்கள் அதைப் பாதுகாப்பு என்றார்கள். அதன் குறையை முதலில் வெளிப்படையாகச் சொன்னவர்கள் தொழிலாளர்களே. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தைக் கூலி உயர்வுப் போராட்டம் என்றே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆர்.எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் முன்னெடுத்த கோரிக்கைகளில் கூலி இருந்தது. துரைமார் எதிரில் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையும் இருந்தது. உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு குடும்பத்துக்கு விருந்தாளியை வரவேற்க நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும் என்றால், அந்த இடத்தை வீடு என்று எந்த அர்த்தத்தில் சொல்வது? வீட்டுக் கேள்வியின் நடுநரம்பை அந்த ஒற்றைக் கோரிக்கை தொட்டுவிட்டது என்றே கருதுகிறேன். பிற்காலக் கொள்கை ஆவணங்களில் அந்தத் தெளிவு அரிதாகவே தென்படுகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தப் பதில் சாகவில்லை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் லயத்து வீட்டின் அளவையும் தண்ணீரையும் மின்சாரத்தையும் ஒழுங்குபடுத்தியது. தரம் உயர்ந்தது. ஆனால் வேலை முடிந்தால் வீடும் முடியும் என்ற அடிப்படை மாறவில்லை. சட்டம் வந்த நேரத்திலோ தோட்டங்களே ஒவ்வொன்றாக மறையத் தொடங்கியிருந்தன.

நிலத்தை வாங்கினால் தீருமா?

இரண்டாவது பதில் நிலத்தை நோக்கித் திரும்பியது. 1950களில் வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுபோட்டு மறுபடியும் விற்றார்கள். துண்டாடப்பட்ட தோட்டத்தில் லயத்துக்கும் இடமில்லை, தொழிலாளிக்கும் இடமில்லை. பேராசிரியர் உங்கு அசீஸ் இந்தத் துண்டாடலை ஆராய்ந்து 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வு, அதன் சமூக விளைவுகளை முறையாகப் பதிவுசெய்தது. அரசியல் தளத்தில் வந்த மறுமொழி துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தொழிலாளர்கள் தங்கள் சிறுசேமிப்பைப் பங்காகச் சேர்த்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள்.

கூலிக்காரர் உடைமையாளர் ஆவது என்ற அந்த எண்ணத்தின் வீச்சு பெரியது. அதை இன்று நினைத்தாலும் மனம் நிமிர்கிறது. ஆனால் கூட்டுறவின் பங்குப் பத்திரம் வேறு, வீட்டுப் பட்டா வேறு. தோட்டத்தில் பங்கு இருந்தவருக்கும் தான் குடியிருந்த அறையின்மீது தனிப்பட்ட உரிமை தானாக வந்துவிடவில்லை. தவிர, சங்கம் வாங்கிய தோட்டங்கள் மொத்தத் தோட்டப் பரப்பில் ஒரு பகுதியே. மீதியில் இருந்தவர்களுக்காக 1970களில் அரசும் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் சொந்த வீட்டுத் திட்டத்தை வலியுறுத்தின. நிர்வாகங்கள் நிலம் ஒதுக்கித் தொழிலாளர்களுக்கு விற்க வேண்டும் என்பது யோசனை. கட்டாயம் இல்லாத இடத்தில் அது மிக மெதுவாகவே நகர்ந்தது.

பிறகு தோட்ட முதலாளியே வீட்டு மேம்பாட்டாளராக மாறினார். 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப்பொழுதில் பிரிட்டிஷ் தோட்ட நிறுவனமான கத்ரி மலேசியக் கைக்கு வந்தது தேசிய வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. அது வெற்றிதான். ஆனால் உடைமை கைமாறியபோது லயத்துவாசியின் சட்ட நிலை மாறவில்லை. 1991இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் திருத்தப்பட்டு, பொருளாதார வளர்ச்சிக்குப் பயன்படும் என்று அரசு கருதும் எந்த நோக்கத்துக்கும் நிலம் எடுக்கலாம் என்றானது. நிலத்துக்கான இழப்பீடு நில உடைமையாளருக்கு. தொழிலாளிக்கு 1980ஆம் ஆண்டின் பணிநீக்க நன்மை விதிகள் மட்டுமே: ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஓராண்டுக்கு இருபது நாள் ஊதியம். முப்பது ஆண்டு உழைத்தவருக்கு அறுநூறு நாள் கூலி. அந்தக் கணக்கில் வீட்டுக்கு இடமே இல்லை. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் பெற்றோரைப் புதைத்த மண்ணுக்கும்கூட இல்லை.

1980க்கும் 2000க்கும் இடையில் மூன்று லட்சம் இந்தியத் தோட்டவாசிகள் இடம்பெயர்ந்தார்கள் என்பது அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் மதிப்பீடு. அந்த எண்ணை அப்படியே ஏற்காவிட்டாலும் போக்கு தெளிவானது: 1970இல் மலேசிய இந்தியர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவே நகரவாசிகள், 2000இல் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு.

இந்தக் கட்டத்தின் மிகக் கூர்மையான எடுத்துக்காட்டு டெங்கில். முதல் உலகப் போரில் சண்டையிட்ட ஆங்கிலேயர்கள் 1921இல் உருவாக்கியதால் "பெரும் போர்" என்ற பொருளில் பிராங் பெசார் என்று பெயர்பெற்ற தோட்டம், 1990களில் புத்ராஜெயாவுக்காக எடுக்கப்பட்டது. அங்கிருந்தும் அண்டைத் தோட்டங்களிலிருந்தும் பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா என்ற அடுக்குமாடிக்கு வந்தன. தரை வீடு தருவதாகச் சொல்லப்பட்டது என்பது அவர்கள் தரப்பு. மாடிச் சுவர்களில் விரிசல் கண்டது. கோரிக்கை இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அண்மை ஆண்டுகளில்தான் அவர்களுக்கான தரை வீட்டுத் திட்டத்தை அரசு ஏற்றுக்கொண்டது. நாட்டின் மிகச் செலவுமிக்க திட்டமிட்ட நகரம் சில ஆண்டுகளில் எழுந்து நின்றதையும், அந்த மண்ணைப் பண்படுத்தியவர்களின் வீடு ஒரு தலைமுறை காத்திருந்ததையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

நிலம்தான் விடை என்றவர்கள் நோயைச் சரியாகவே கண்டார்கள். அவர்கள் வாதத்தின் பலவீனம் காலத்தில் இருக்கிறது. தோட்டம் இருந்தபோது சொல்ல வேண்டிய மருந்து அது. தோட்டம் போன பிறகு, நகரத்தில் வாடகைக்குப் பிறந்து வளர்ந்த மூன்றாம் தலைமுறைக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதற்கு அவர்களிடம் தெளிவான பதில் இல்லை.

புறம்போக்கிலிருந்து பதினேழாவது மாடிக்கு

தோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் காத்திருக்கவில்லை. ஆற்றங்கரையிலும் ரயில் தண்டவாள ஓரத்திலும் ஈயச் சுரங்கக் குட்டைகளின் பக்கத்திலும் பலகையும் தகரமும் கொண்டு தாங்களே வீடு கட்டிக்கொண்டார்கள். புறம்போக்குக் குடியிருப்பை நகர நிர்வாகம் சட்டமீறல் என்றது. சமூகவியலாளர்களில் சிலர் அதை வேறுவிதமாகப் படித்தார்கள்: மலிவான வீடு கட்ட அரசும் சந்தையும் தவறிய இடத்தில் ஏழைகள் தாமே கண்ட தீர்வு அது. இரண்டிலும் உண்மை உண்டு. அந்தக் குடியிருப்புகளில் சகதியும் தீ விபத்தும் இருந்தன. கோயிலும் கூட்டு வாழ்வும் இருந்தன.

அரசின் பதில் எண்ணிக்கையில் வந்தது. 1980களில் பெரிய வீட்டுத் திட்டங்களில் குறைந்தது 30 விழுக்காடு மலிவுவிலை வீடாக இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 1982 முதல் அதன் விலை 25,000 ரிங்கிட் என்று நிலைநிறுத்தப்பட்டு, 1998இல் இடத்துக்கு ஏற்ப 42,000 வரை உயர்த்தப்பட்டது. 1998 நெருக்கடிக்குப் பிறகு மக்கள் வீடமைப்புத் திட்டம், அதாவது எல்லாரும் சொல்லும் பி.பி.ஆர்., பெரிய அளவில் எழுந்தது: மூன்று படுக்கையறை, 650 முதல் 700 சதுர அடி, மாத வாடகை 124 ரிங்கிட். சிலாங்கூர் 2005க்குள் புறம்போக்கு வீடே இல்லாத மாநிலம் ஆவதாக அறிவித்தது.

கூரை இல்லாதவர்களுக்குக் கூரை கிடைத்தது. இதைச் சிறுமைப்படுத்துவது நேர்மையல்ல. 124 ரிங்கிட்டில் கோலாலம்பூரில் மூன்று அறை என்பது சந்தை கனவிலும் தராதது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வீடு கட்டி முடியும்வரை தற்காலிகம் என்று நீண்ட பலகைக் கொட்டகைகளில் குடிவைக்கப்பட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். 2001 மார்ச்சில் கம்போங் மேடானில் ஆறு உயிர்களைப் பறித்த மோதலை இனக் கலவரம் என்று மட்டும் விவரித்தவர்கள் உண்டு. அந்த வட்டாரத்தின் நெருக்கடியான குடியிருப்பும் வேலையின்மையும் அதில் பங்காற்றின என்று வாதிட்டவர்களின் கருத்தே எனக்கு வலுவானதாகப் படுகிறது. நெருக்கடி மட்டுமே காரணம் என்று சொல்லவும் முடியாது. அதே நெருக்கடியில் வாழ்ந்த எத்தனையோ பேட்டைகளில் மோதல் நடக்கவில்லை.

அடுக்குமாடியின் குறைகள் எல்லாரும் அறிந்தவை. மின்தூக்கி பழுதானால் முதியவர் சிறைப்பட்டவர் ஆகிறார். ஐந்து மாடிக் கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கியே கிடையாது. வாங்கிய மாடி வீட்டில் மாதப் பராமரிப்புக் கட்டணமும் அதில் பத்து விழுக்காடு ஒதுக்கு நிதியும் கட்ட வேண்டும். பாதிப் பேர் கட்டாவிட்டால் கட்டடம் முழுக்கச் சீரழிகிறது. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் இதை ஒழுங்குபடுத்த முயன்றது. வருமானம் இல்லாத இடத்தில் விதி எவ்வளவு தூரம் ஓடும்?

விலை ஏறியதா, சம்பளம் ஏறவில்லையா?

2010க்குப் பிறகு கேள்வியே உருமாறியது. லயமும் புறம்போக்கும் பேச்சிலிருந்து ஒதுங்கி, கட்டுப்படியாகும் விலை என்ற சொல் முன்னால் வந்தது. நடுத்தர வர்க்கமும் இப்போது தவிப்பில் சேர்ந்துகொண்டதால் குரல் உரத்து ஒலித்தது.

கசானா ஆய்வுக் கழகம் 2015இல் வெளியிட்ட அறிக்கை இந்த விவாதத்தின் திருப்புமுனை. வீட்டின் இடைநிலை விலை, குடும்பத்தின் இடைநிலை ஆண்டு வருமானத்தைப்போல் மூன்று மடங்குக்குள் இருந்தால் கட்டுப்படியாகும் என்பது அளவுகோல். 2014இல் மலேசியாவுக்கு அது 4.4 மடங்கு, கோலாலம்பூருக்கு 5.4. கடன் சலுகை கொடுத்து வாங்குபவரின் கையை நீட்டுவதைவிட, கட்டும் முறையைத் திருத்தி வீடுகளின் வரத்தைப் பெருக்குவதே சரி என்பது அந்த அறிக்கையின் வாதம். மத்திய வங்கியான நெகாரா வங்கியும் 2016ஆம் ஆண்டுக்கான கணக்கில், ஒரு குடும்பத்தால் தாங்கக்கூடிய விலை 282,000 ரிங்கிட், சந்தையின் இடைநிலை விலையோ 313,000 என்று காட்டியது. மேம்பாட்டாளர்கள் நில விலையையும் அரசுக் கட்டணங்களையும் மலிவுவிலை ஒதுக்கீட்டின் சுமையையும் சுட்டுகிறார்கள். வீடு வாங்குவோர் தரப்பு ஊக வணிகத்தைக் குற்றம் சாட்டியது: கட்டிமுடிக்கும்வரை வட்டியை மேம்பாட்டாளரே ஏற்கும் திட்டத்தால் ஒருவரே பல வீடுகளைப் பிடித்துவைத்தார் என்ற புகாரில் வலு இருந்ததால்தான் 2014 வரவுசெலவுத் திட்டம் அதைத் தடைசெய்தது.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். 300,000 ரிங்கிட் வீடு. பத்து விழுக்காடு முன்பணம் போக 270,000 கடன். நான்கு விழுக்காடு வட்டி. அனுமதிக்கப்படும் அதிகபட்சமான 35 ஆண்டு. மாதத் தவணை ஏறத்தாழ 1,195 ரிங்கிட். முடிவில் கட்டியிருப்பது ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். 2025இல் குறைந்தபட்ச ஊதியம் 1,700 ரிங்கிட். கணவன் மனைவி இருவரும் அந்த ஊதியத்தில் இருந்தால் தவணை அவர்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. ஒருவர் வேலை இழந்தால் முக்கால் பங்குக்கு அருகில் போகிறது. முன்பணமும் வழக்கறிஞர் கட்டணமும் முத்திரை வரியும் தனி. ஊழியர் சேமநிதியின் வீட்டுக்கான கணக்கை அதற்காக எடுத்தால் முதுமையிலிருந்து கடன் வாங்குவதாகும்.

இந்த அணுகுமுறையின் பலம் அதன் துல்லியம். பலவீனமும் அங்கேயே இருக்கிறது: இடைநிலை என்ற எண் யாரையெல்லாம் மறைக்கிறது? 2019 குடும்ப வருமானக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 5,981 ரிங்கிட்; நாட்டுக்கு 5,873. இதை வைத்து இந்தியர் பின்தங்கவில்லை என்று முடிவுகட்டுபவர்கள், சிலாங்கூரின் இடைநிலை 8,210 என்பதைப் பக்கத்தில் வைப்பதில்லை. மலேசிய இந்தியர்கள் பெரும்பாலும் விலைமிக்க நகரப் பகுதிகளில் வாழ்கிறார்கள். பொந்தியானிலோ பாசிர் மாசிலோ போதுமான சம்பளம் கிள்ளானில் போதாது.

பெயர் கேட்டதும் மாறும் பதில்

வருமானம் இருந்தும் வீடு கிடைக்காதவர்களை விலைக் கணக்கு விளக்காது. இங்கே இன்னொரு விவாதம் தொடங்குகிறது. புதிய பொருளாதாரக் கொள்கையின் வழிவந்த, மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்கான ஒதுக்கீடும், மாநிலத்துக்கு மாநிலம் மாறும் 5 முதல் 15 விழுக்காடு விலைத் தள்ளுபடியும் ஒரு பக்கம். காலனி ஆட்சி நகரங்களிலிருந்து மலாய்க்காரர்களைத் தள்ளிவைத்த வரலாற்றுக்கு அது பரிகாரம் என்பார்கள் ஆதரவாளர்கள். அந்த வரலாறு உண்மை. தோட்டத்தில் அடைக்கப்பட்டிருந்த தமிழரும் அதே காலனிப் பொருளாதாரத்தின் மிச்சம்தானே, அவர்களுக்கான பரிகாரம் எங்கே என்பது மறுதரப்பு. 2007 நவம்பர் 25இல் இந்தியர் உரிமை கோரி நடந்த ஹிண்ட்ராப் பேரணியின் பின்னணியில் இந்தக் கேள்வி கனன்றுகொண்டிருந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் பாடாங் ஜாவா, கம்போங் ரிம்பா ஜெயாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. அது புறம்போக்குக் குடியிருப்பின் கோயில்.

மறுபக்கம் வாடகைச் சந்தை. குறிப்பிட்ட இனத்தவருக்கு மட்டும் என்று வெளிப்படையாகவே விளம்பரம் செய்வதும், தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் வீடு "போய்விட்டது" என்பதும் பரவலான புகார்கள். வீட்டுக்காரர்கள் வாடகை பாக்கியையும் வீட்டுச் சேதத்தையும் காரணமாகச் சொல்வார்கள். அந்த அச்சம் உண்மையாகவே இருந்தாலும், ஒருவரின் பெயரைக் கொண்டு அதை அளப்பது அநியாயம். குடியிருப்பு வாடகைச் சட்டம் ஒன்று வரும் என்று பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. முன்வைப்புத் தொகையை நடுநிலை அமைப்பு வைத்திருந்தால் வீட்டுக்காரரின் அச்சம் குறையும் என்ற யோசனை நியாயமானதாகத் தோன்றுகிறது.

வாசல், பந்தல், பூந்தொட்டி

மேற்சொன்ன எல்லாப் பதில்களும் கூரைகளை எண்ணின. வீடு தேடும் குடும்பம் எண்ணுவது வேறு. கோயில் எவ்வளவு தூரம்? பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்ப முடியுமா? கிள்ளான் சிம்பாங் லீமா போன்ற பெரிய தமிழ்ப்பள்ளிகளைச் சுற்றிக் குடும்பங்கள் வீடு பார்ப்பது தற்செயல் இல்லை. அம்மா வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும் தூரமா? மழை பெய்தால் தண்ணீர் ஏறுமா? 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கிய பிறகு இந்தக் கடைசிக் கேள்வி முதல் கேள்வியாகிவிட்டது.

தரை வீட்டின்மேல் தமிழர்களுக்குள்ள பிடிப்பை வெறும் அந்தஸ்து ஆசை என்று திட்டமிடுவோர் சிலர் ஒதுக்குகிறார்கள். இருக்கும் நிலத்துக்கு அடுக்குமாடிதான் வழி என்ற அவர்களின் கணக்கு தவறில்லை. சிங்கப்பூரின் வீடமைப்பு வாரியக் குடியிருப்புகளில் தமிழர் வாழவில்லையா என்றும் கேட்கிறார்கள். ஆனால் ஒரு குடும்பத்தின் ஆண்டைப் பார்க்க வேண்டும். தைப்பொங்கலுக்கு வாசலில் பானை வைக்க வேண்டும். தீபாவளி விருந்துக்கு வீட்டு முன்னால் பந்தல் போட வேண்டும். சாவு வீட்டில் உடலைக் கிடத்த, சடங்கு செய்ய, ஊர் கூட இடம் வேண்டும். தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதியின் தெருவில் அண்டை வீட்டாரின் சம்மதத்தோடு இவையெல்லாம் நடக்கின்றன. பதினேழாவது மாடியில் நடைபாதையில் கேஸ் அடுப்பை வைத்துப் பொங்கல் பொங்குகிறது. இறுதிச் சடங்கைக் கீழ்த்தளத்து மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் கீழ்த்தளம் திறந்தவெளியாக விடப்பட்டதும் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கப்பட்டதும் அந்த ஒப்பீட்டில் விடுபட்டுப்போகின்றன.

சிறு பொழுதுபோக்குகளையும் இந்த விவாதம் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை. லயத்தின் பின்புறம் மாடும் ஆடும் கோழியும் இருந்தன. கீரைப்பாத்தியும் முருங்கையும் இருந்தன. அது பாதி வருமானம், பாதி இன்பம். மாலையில் தோட்டத்துத் திடலில் கால்பந்து. தரை வீட்டுக்கு வந்தவர்கள் இதைச் சுருக்கிக் கொண்டுவந்தார்கள்: கேட் அருகில் கறிவேப்பிலை, மல்லிகை, துளசி மாடம், கார் நிற்கும் இடத்தின் மூலையில் மீன்தொட்டி, பின்சந்தில் பிள்ளைகளின் பூப்பந்து. மாடி வீட்டுக்காரருக்கு எஞ்சியது நடைபாதையில் வைக்கும் தொட்டி. அதுவும் பொது இடத்தை அடைப்பதாக நிர்வாக விதிகள் சொல்லக்கூடும். தீ நேர்ந்தால் வழி மறிக்கும் என்பதால் அந்த விதியில் நியாயமும் இருக்கிறது. கிள்ளான் இளைஞர்கள் பலருக்கு உறுமி மேளம் உயிர். தைப்பூசத்துக்கு முந்தைய மாதங்களில் பயிற்சிக்கு அவர்களுக்கு இடம் வேண்டும். எங்கே அடித்தாலும் இரைச்சல் என்று புகார் போகிறது. வேலை முடிந்து வந்த இளைஞன் தன் கைகளுக்கு ஒரு கலையைக் கொடுக்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு இடம் ஒதுக்கப்படாத வீடமைப்பை முழுமையான வீடமைப்பு என்று சொல்லத் தயங்குகிறேன். பங்சாரில் மின்கம்பிகளுக்குக் கீழுள்ள நிலத்தில் 2017 முதல் ஒரு சமூகத் தோட்டம் பச்சையாக இருக்கிறது. அதே ஏற்பாட்டைப் பி.பி.ஆர். வளாகங்களின் பக்கத்திலும் செய்ய நிலம் இல்லாமல் இல்லை.

மானிடவியலாளர்கள் இந்தப் பக்கத்தைக் கவனித்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். ரிச்சர்ட் பாக்ஸ்ட்ரோம் 2008இல் வெளியிட்ட நூல், கே.எல். சென்ட்ரலும் மோனோரயிலும் வந்த காலத்துப் பிரிக்பீல்ட்ஸ்வாசிகள் நாளை தங்கள் தெரு இருக்குமா என்று அறியாமல் வாழ்ந்ததை விவரிக்கிறது. ஆண்ட்ரூ வில்ஃபோர்டின் 2014 நூல், இடிக்கப்பட்ட சிலாங்கூர்த் தோட்டங்களில் இழப்பீட்டுத் தொகையைவிட அங்கீகாரமே பெரிய வேட்கையாக இருந்ததைக் காட்டுகிறது. இருவரின் எழுத்தும் அளவுகோல்கள் தவறவிட்டதைப் பிடிக்கிறது. ஆனால் இழப்பின் மொழியில் அதிகம் தங்கிவிட்டதால், தவணை கட்டி, திரைச்சீலை தைத்து, பின்கட்டை இழுத்துக்கட்டி, புதிய தாமானில் புதிய ஊரை உண்டாக்கிக்கொண்ட குடும்பங்கள் அவற்றில் மங்கலாகவே தெரிகின்றன.

இன்னும் தீராதவை

வரலாற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது, வேலையோடு வீட்டை ஒட்டியதே பிற்கால இடர்களின் வேர் என்ற வாதத்துக்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது. விலையேற்றம் அதன்மேல் வந்த இரண்டாவது அடி. இனப் பாகுபாடு இரண்டையும் கூர்மையாக்குகிறது. எவ்வளவு கூர்மையாக்குகிறது என்பதை, மறுக்கப்பட்ட வாடகை விண்ணப்பங்கள் முறையாகப் பதிவாகும்வரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

வாங்குவதா, வாடகையா என்பதும் திறந்தே கிடக்கிறது. குத்தகை ஒப்பந்தம் நீண்டகாலப் பாதுகாப்பு தருமானால் வாடகை தவறான வழியல்ல என்று பொருளியலாளர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். வேலையோடு வீட்டையும் பறிகொடுத்த பெற்றோரைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் அந்த வாதம் எடுபட, வாடகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாத சட்டம் முதலில் வேண்டும். அது வருமா, எந்த வடிவில் வரும் என்பது தெரியாத நிலையில், சேமநிதியை எடுத்தாவது ஒரு தரை வீட்டைப் பிடித்துவிட வேண்டும் என்று துடிப்பவர்களை அறியாமைக்காரர்கள் என்று சொல்ல இடமில்லை.

99 ஆண்டுக் குத்தகை நிலம் இன்னொன்று. பெட்டாலிங் ஜெயாவின் பழைய பகுதிகளில் 1950களிலும் 60களிலும் தொடங்கிய குத்தகைகளில் மீதமுள்ள காலம் குறைந்துகொண்டே வருகிறது. காலம் குறையக் குறைய வங்கிக் கடன் கிடைப்பது கடினமாகிறது. புதுப்பிக்கப் பணம் கட்ட வேண்டும். அரும்பாடுபட்டுச் சொந்த வீட்டுக்காரர்களான முதல் தலைமுறையின் பிள்ளைகளிடம் அந்த வீடுகள் என்ன நிலையில் வந்துசேரும்? பி.பி.ஆரில் பிறந்தவர்களுக்கோ வேறொரு முடிச்சு. வருமானம் உயர்ந்தால் உதவி வீட்டுக்கான தகுதி போய்விடும், சந்தை விலையில் வாங்கும் அளவுக்கும் அது உயர்ந்திருக்காது. உதவி வீட்டுக்கும் சந்தை வீட்டுக்கும் இடையே ஒரு படி எங்கே அமைய வேண்டும் என்பதில், மாநில வீட்டுத் திட்டங்களை நடத்துவோரிடையேகூட இன்னும் ஒருமித்த கருத்து உருவாகவில்லை.